வாக்குக் கிடைக்காத விளையாட்டுகள்

2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் லண்டனிலிருந்து ஒரு வாக்கெடுப்பின் முடிவு வெளியானது. திரைப்படங்களுக்கும் தொலைக்காட்சிக்கும் விருது வழங்கும் பாஃப்டா அமைப்பு, வீடியோ விளையாட்டுகளின் வரலாற்றிலேயே மிகுந்த செல்வாக்குச் செலுத்திய விளையாட்டு எது என்று பொதுமக்களிடம் கேட்டிருந்தது. மூன்றாம் இடத்தில் சூப்பர் மரியோ பிரதர்ஸ் வந்தது. இரண்டாம் இடத்தில் டூம். முதலிடத்தைப் பெற்றதோ ஷென்மூ.

ஷென்மூ என்ற பெயரைப் பலர் அன்றுதான் முதன்முறையாகக் கேள்விப்பட்டிருப்பார்கள். 1999ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் ஜப்பானில் வெளியான விளையாட்டு அது. தந்தையைக் கொன்றவனைத் தேடி யொக்கோசுக்கா என்ற துறைமுக நகரின் தெருக்களில் அலையும் ஓர் இளைஞனின் கதை. அந்த நகரில் மழை பெய்யும், பொழுது சாயும், கடைகள் குறித்த நேரத்தில் அடைக்கப்படும், ஒவ்வொரு மனிதருக்கும் தனித்தனி அன்றாட அலுவல் இருக்கும். பெருந்தொகை செலவிட்டு உருவாக்கப்பட்ட இவ்விளையாட்டு, போட்ட முதலை ஈட்டவில்லை. அதை இயக்கிய ட்ரீம்காஸ்ட் கருவியின் உற்பத்தியை 2001இல் கைவிட்ட சேகா நிறுவனம், கருவி தயாரிப்பிலிருந்தே விலகிக்கொண்டது.

சந்தையில் தோற்றுப்போன ஒன்று, கால் நூற்றாண்டு கழித்து வாக்கெடுப்பில் வென்றது எப்படி? அதே பட்டியலின் முதல் பத்து இடங்களுக்குள், வெளியாகி இரண்டே மாதங்கள் ஆகியிருந்த கிங்டம் கம் டெலிவரன்ஸ் இரண்டாம் பாகமும் இடம்பிடித்திருந்தது. இரண்டு மாதக் குழந்தை வரலாற்றின்மீது என்ன செல்வாக்கைச் செலுத்தியிருக்க முடியும்?

தேர்தல் செய்திகளை எழுதிப் பழகியவர்களுக்கு இதில் வியப்பு அதிகம் இருக்காது. முடிவைப் படிக்குமுன் மூன்று விடயங்களைப் பார்க்க வேண்டும் என்பது அத்தொழில் கற்றுத்தரும் பாடம். யார் வாக்களித்தார்கள்? எந்த விதிமுறையின் கீழ் வாக்களித்தார்கள்? வாக்குச்சீட்டில் இடம்பெறாதவர்கள் யார்? வீடியோ விளையாட்டு ரசிகர்கள் நான்கு தசாப்தங்களாக நடத்திவரும் தேர்தல்களையும் இந்த மூன்று கேள்விகளோடு பார்ப்பது பயனுள்ளது.

வாசகர் வாக்கில் தொடங்கிய கதை

பிரித்தானியாவில் 1981ஆம் ஆண்டு நவம்பரில் கம்பியூட்டர் அன்ட் வீடியோ கேம்ஸ் என்ற சஞ்சிகை தொடங்கப்பட்டது. அதன் வாசகர்களின் வாக்குகளைக் கொண்டு 1983இல் கோல்டன் ஜோய்ஸ்டிக் விருது உருவானது. அவ்வாண்டின் சிறந்த விளையாட்டாகத் தெரிவானது ஜெட்பாக். சிதறிக் கிடக்கும் விண்கலத்தின் பாகங்களைப் பொருத்தி, எரிபொருள் நிரப்பி, அடுத்த கிரகத்துக்குப் பறக்கும் சிறியதொரு விளையாட்டு. 125 பவுணுக்கு விற்பனைக்கு வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியின் 16 கிலோபைற் நினைவகத்துக்குள் அது முழுமையாக அடங்கிவிட்டது.

வாக்களித்தவர்கள் யார் என்பது இங்கே வெளிப்படையாகத் தெரிகிறது. பெற்றோர் வாங்கிக் கொடுத்த மலிவான கணினியை வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து விளையாடிய பிரித்தானியச் சிறுவர்களே அவ்வாக்காளர்கள். அதே ஆண்டில் அமெரிக்காவின் வீடியோ விளையாட்டுச் சந்தை சரிந்து விழுந்துகொண்டிருந்தது. ஜப்பானில் நின்டெண்டோ தனது ஃபமிக்கொம் கருவியை வெளியிட்டது. மூன்று நாடுகளில் மூன்று வேறு குழந்தைப் பருவங்கள் உருவாகிக்கொண்டிருந்தன. பின்னாளில் அவை மூன்று வேறு தேர்தல் முடிவுகளாக வெளிப்பட்டன.

ஜப்பானியர் இத்தகைய வாக்கெடுப்புக்குச் சூட்டும் பெயரே சுவையானது. 2021 டிசம்பரில் டிவி அசாஹி தொலைக்காட்சி நடத்திய நிகழ்ச்சியின் தலைப்பில், பாராளுமன்றப் பொதுத் தேர்தலைக் குறிக்கும் சொல்லையே பயன்படுத்தினார்கள். 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பதிவான அந்தத் தேர்தலில் செல்டா வரிசையைச் சேர்ந்த பிரெத் ஒஃப் த வைல்ட் முதலிடம் பெற்றது. இரண்டாம் இடம் டிராகன் குவெஸ்ட் ஐந்தாம் பாகத்துக்குக் கிடைத்தது.

1992இல் வெளியான இந்த ஐந்தாம் பாகத்தில் நாயகன் சிறுவனாகத் தந்தையோடு பயணம் தொடங்குகிறான், தந்தையை இழக்கிறான், அடிமைப்படுகிறான், வளர்ந்து மணமுடிக்கிறான், பின்னர் தன் பிள்ளைகளோடு பயணத்தைத் தொடர்கிறான். எந்தப் பெண்ணை மணப்பது என்று அதை விளையாடுபவரே முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவைப் பற்றி ஜப்பானியர் இன்றும் விவாதிக்கிறார்கள். ஆனால் மேற்குலக ரசிகர்களின் பட்டியல்களில் இது உயர்ந்த இடம் பெறுவது அரிது. காரணம் எளியது. ஆங்கிலத்தில் அது வெளிவந்தது 2009ஆம் ஆண்டில்தான். பன்னிரண்டு வயதில் கைக்கு எட்டாத ஒன்றுக்கு நாற்பது வயதில் யாரும் வாக்களிப்பதில்லை.

ஒரே நாட்டுக்குள்ளும் முடிவுகள் மாறுகின்றன. ஜப்பானின் ஃபமிட்சு சஞ்சிகை 2006இல் நடத்திய வாசகர் வாக்கெடுப்பில் ஃபைனல் ஃபேன்டசி பத்தாம் பாகம் வென்றது. ஹெய்செய் பேரரசரின் காலம் முடிவடைந்த 2019 ஏப்ரலில், அந்த முப்பது ஆண்டுகளின் சிறந்த விளையாட்டாக அதே சஞ்சிகையின் வாசகர்கள் 1995இல் வெளியான குரோனோ டிரிகரைத் தெரிவு செய்தார்கள். 2021 நவம்பரில் பிரித்தானியாவின் கோல்டன் ஜோய்ஸ்டிக் விருது விழாவில் எக்காலத்துக்குமான சிறந்த விளையாட்டாக டார்க் சோல்ஸ் அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே டோக்கியோவில் வென்றது வேறொன்று. இவற்றுள் எதுவும் பொய்யான முடிவல்ல. ஒவ்வொன்றும் தன் வாக்காளரைச் சரியாகவே காட்டியது.

ஒரு கட்டை வென்ற தேர்தல்

விதிமுறையைப் பற்றிய பாடத்தை நமக்குத் தருவது அமெரிக்காவின் கேம்ஃபாக்ஸ் நடத்திய போட்டிகள். 1995இல் ஜெஃப் வீஸி என்ற தனிமனிதர் தொடங்கிய, விளையாட்டு வழிகாட்டிகளின் களஞ்சியம் அது. 2002ஆம் ஆண்டு கோடையில் அங்கே ஒரு புதுமை அறிமுகமானது. 64 விளையாட்டுப் பாத்திரங்களை இருவர் இருவராக மோதவிட்டு, ரசிகர்களின் வாக்கால் தோற்றவரை வெளியேற்றி, வென்றவரை அடுத்த சுற்றுக்கு அனுப்பினார்கள். அமெரிக்கக் கல்லூரிகளின் கூடைப்பந்துப் போட்டி அட்டவணையைப் போல, யார் யாரை வெல்வார் என்று ரசிகர்கள் முன்கூட்டியே எழுதிக்கொடுத்துப் பரிசு பெறவும் முடிந்தது. நாள்தோறும் ஒரு மோதல், நாள்தோறும் ஒரு வாக்கெடுப்பு. இறுதிச் சுற்றில் செல்டாவின் நாயகன் லிங்க், மரியோவை வென்றார். மறு ஆண்டு ஃபைனல் ஃபேன்டசி ஏழாம் பாகத்தின் நாயகன் கிளவுட் வென்றார். 2004இல் பாத்திரங்களுக்குப் பதிலாக விளையாட்டுகளையே மோதவிட்டபோது அந்த ஏழாம் பாகமே வாகை சூடியது.

2007இல் விதியை மாற்றினார்கள். ஒவ்வொரு மோதலிலும் இருவருக்குப் பதிலாக நால்வர் நிறுத்தப்பட்டார்கள். லிங்க்கும் கிளவுட்டும் களத்தில் இருந்த அந்தப் போட்டியின் முடிவில் வென்றது ஒரு வீரனல்ல, அரக்கனும் அல்ல. டெட்ரிஸ் விளையாட்டில் மேலிருந்து விழும், ஆங்கில எழுத்தான எல் வடிவக் கட்டை! முகமில்லை, பெயரில்லை, கதையில்லை. நான்கு சதுரங்கள் மட்டுமே.

அதை ஒரு கேலிக்கூத்து என்று அன்று பலர் சினந்தார்கள். கேலியும் அதில் இருந்தது உண்மைதான். எனினும் தேர்தல் கணக்கு தெரிந்தவருக்கு அதன் தர்க்கம் புரியும். இருவர் மோதும்போது வெல்வதற்குப் பாதிக்கு மேல் வாக்கு வேண்டும். நால்வர் மோதும்போது அது தேவையில்லை. நட்சத்திர நாயகர்களின் ஆதரவாளர்கள் தமக்குள் பிரிந்து நிற்க, எல்லாரையும் கண்டு சலித்துப்போனவர்கள் ஒரே இடத்தில் குவிந்தால் கட்டையும் வெல்லும். அரசியலில் இதற்கு உதாரணம் தேடி யாரும் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை.

2015இல் நடந்தது இன்னொரு பாடம். சிறந்த விளையாட்டுக்கான அவ்வாண்டின் போட்டியில், செப்டெம்பர் மாதத்தில் வெளியான அன்டர்டேல் வென்றது. டோபி ஃபொக்ஸ் என்ற இளைஞர், ரசிகர்களிடமிருந்து திரட்டிய 51 ஆயிரம் டொலர் அளவிலான பணத்தைக் கொண்டு, பெரும்பாலும் தனியாகவே உருவாக்கிய விளையாட்டு அது. எதிரே வரும் எவரையும் கொல்லாமலேயே இறுதிவரை செல்ல முடியும் என்பது அதன் சிறப்பு. இறுதிச் சுற்றில் அது நின்டெண்டோவின் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலேயைத் தோற்கடித்தது. சமூக ஊடகங்களில் திரண்ட இளம் ரசிகர்கள் வாக்களிக்க வந்தார்கள். ஆண்டுக்கணக்கில் அங்கே வாக்களித்துவந்த மூத்தவர்களுக்குக் கடும் கோபம். தம் வீட்டுத் தேர்தலில் அயலவர் வந்து வாக்குப் போட்டதாக அவர்கள் கருதினார்கள். ஆனால் வாக்காளர் பட்டியலே இல்லாத தேர்தலில் அயலவர் என்று ஒருவர் எப்படி இருக்க முடியும்?

அருங்காட்சியகத்தின் தொகுதி முறை

இவையெல்லாம் ரசிகர்களின் பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாமா? விட முடியாது. 2011ஆம் ஆண்டில் இந்த வாக்கு ஓர் அரச அருங்காட்சியகத்தின் வாசலைத் திறந்தது.

வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகம், வீடியோ விளையாட்டுகளைக் கலையாகக் காட்டும் ஒரு கண்காட்சிக்குத் திட்டமிட்டது. கிறிஸ் மெலிசினோஸ் அதன் பொறுப்பாளர். 240 விளையாட்டுகள் முன்வைக்கப்பட்டு, அவற்றிலிருந்து 80ஐத் தெரிவு செய்யும் உரிமை மக்களிடம் விடப்பட்டது. 2011 பெப்ரவரி 14 முதல் ஏப்ரல் 17 வரை 175 நாடுகளைச் சேர்ந்த 1 இலட்சத்து 19 ஆயிரம் பேர், 37 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகளை அளித்தார்கள். 2012 மார்ச் 16இல் தொடங்கிச் செப்டெம்பர் 30 வரை நடந்த கண்காட்சியை 6 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பார்வையிட்டார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது எண்ணிக்கையை அல்ல, முறையை. ஸ்மித்சோனியன் எல்லா விளையாட்டுகளையும் ஒரே களத்தில் மோதவிடவில்லை. கருவிகளின் வரலாற்றை ஐந்து காலகட்டங்களாகப் பிரித்து, 20 கருவிகளைத் தெரிந்து, ஒவ்வொரு கருவிக்கும் நான்கு வகைகளை வகுத்து, ஒவ்வொரு வகையிலும் மூன்று வேட்பாளர்களை நிறுத்தியது. ஒவ்வொரு கூட்டிலும் வெல்பவர் ஒருவர். தேர்தல் மொழியில் சொன்னால் இது தொகுதி முறை. அட்டாரி விசிஎஸ் கருவியின் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் தன் காலத்துத் தோழர்களோடு மட்டுமே போட்டியிட்டது. முப்பது ஆண்டுகள் கழித்துப் பிறந்த, படம்போல் மின்னும் பேரனோடு அது மோத வேண்டியிருக்கவில்லை. அதனால் எண்பதுகளின் புள்ளிக்கோல ஓவியங்களுக்கும் அந்த மண்டபத்தில் இடம் உறுதியானது.

நியூயோர்க் மாநிலத்தின் ரொச்செஸ்டர் நகரிலுள்ள த ஸ்ட்ரோங் அருங்காட்சியகம் இன்னொரு வழியைக் கண்டது. அங்கே 2015இல் உலக வீடியோ விளையாட்டுப் புகழ் மண்டபம் நிறுவப்பட்டது. இறுதிப் பட்டியலில் உள்ளவற்றுக்கு ரசிகர்கள் வாக்களிக்கலாம். ஆனால் அதிக வாக்குப் பெற்ற மூன்று விளையாட்டுகள், ஒரேயொரு வாக்குச்சீட்டாகக் கணக்கிலெடுக்கப்பட்டு, நிபுணர்களின் சீட்டுகளோடு சேர்க்கப்படும். இலட்சம் ரசிகர்கள் சேர்ந்தாலும் ஒரு நிபுணருக்குச் சமம் என்ற இந்த ஏற்பாடு ஜனநாயக விரோதமாகத் தோன்றலாம். அதன் விளைவையும் பார்க்க வேண்டும். 2018இல் ரசிகர்களின் நெடுநாள் நாயகனான ஃபைனல் ஃபேன்டசி ஏழாம் பாகத்தோடு, 1962இல் எம்ஐடி மாணவர்கள் உருவாக்கிய ஸ்பேஸ்வோரும் மண்டபத்தில் ஏறியது. 2023இல், காசு போட்டு விளையாடும் முதலாவது வணிக வீடியோ விளையாட்டாகக் கொள்ளப்படும் 1971ஆம் ஆண்டின் கம்பியூட்டர் ஸ்பேஸும், சிறுமிகளைக் கணினியின் முன் அமரவைத்த 1996ஆம் ஆண்டின் பார்பி ஃபேஷன் டிசைனரும் சேர்க்கப்பட்டன. வெறும் ரசிகர் வாக்கில் இவ்விரண்டும் இறுதிச் சுற்றையே எட்டியிராது. முதலாவதை விளையாடியவர்கள் இன்று முதியவர்கள். இரண்டாவதை விளையாடிய சிறுமிகள் தம்மை வீடியோ விளையாட்டு ரசிகர்கள் என்று எண்ணிக்கொள்ள யாரும் இடமளிக்கவில்லை.

நம்மவர்களுக்கும் இதில் ஒரு பங்குண்டு, வாக்காளராக அல்ல, வாக்கில்லாதவராக. தொண்ணூறுகளில் கொழும்பின் கடைகளில் டெட்ரிஸ் கட்டைகள் விழும் சிறிய கைக்கருவிகள் விற்பனையாகின. அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தது. அந்தத் தலைமுறையின் நினைவில் மரியோவும் இல்லை, லிங்க்கும் இல்லை. பின்னாளில் ரொறன்ரோவிலோ லண்டனிலோ குடியேறிய அவர்களில் பலர், தம் பிள்ளைகளின் கையில்தான் இவற்றை முதலில் கண்டார்கள். 175 நாடுகள் என்ற எண் பெரிதாக ஒலித்தாலும், உலகின் பெரும்பகுதி தன் குழந்தைப் பருவத்தில் இத்தேர்தலின் வாக்காளர் பட்டியலுக்கு வெளியிலேயே நின்றது.

வென்றவையும் மறைந்தவையும்

இனி, இவ்வளவு தூரம் பேசியதற்கான காரணத்துக்கு வருவோம். வாக்கு என்பது இங்கே வெறும் புகழ்ச்சி அல்ல. அது ஒரு விளையாட்டின் உயிரைத் தீர்மானிக்கிறது.

ஷென்மூவையே எடுத்துக்கொள்ளலாம். 2015 ஜூன் மாதத்தில் அதன் மூன்றாம் பாகத்துக்காக இயக்குநர் யூ சுசுக்கி பொதுமக்களிடம் நிதி கேட்டார். 69 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 63 இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்தார்கள். 2019 நவம்பரில் மூன்றாம் பாகம் வெளிவந்தது. 2025இல் பாஃப்டா வாக்கெடுப்பில் வென்ற விளையாட்டுக்குப் பின்னால் இப்படியொரு விசுவாசம் திரண்டிருந்தது. ஃபைனல் ஃபேன்டசி ஏழாம் பாகமும் 2020 ஏப்ரலில் புதிதாக மறு ஆக்கம் செய்யப்பட்டு வெளியானது. மக்கள் நினைவில் வைத்திருப்பதை நிறுவனங்கள் மீண்டும் விற்கின்றன. விற்பனையில் இருப்பதைப் புதிய தலைமுறை விளையாடுகிறது. விளையாடியவர்கள் அடுத்த வாக்கெடுப்பில் அதற்கே வாக்களிக்கிறார்கள்.

இந்தச் சுழலுக்குள் நுழையாதவற்றின் கதி என்ன? அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023 ஜூலையில் ஓர் ஆய்வை வெளியிட்டது. அந்நாட்டில் 2010ஆம் ஆண்டுக்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 வீதமானவை இன்று எந்தக் கடையிலும் விற்பனையில் இல்லை என்பது அதன் முடிவு. அதே ஆண்டு மார்ச் மாத இறுதியில் நின்டெண்டோ தனது 3டிஎஸ், வீ யூ கருவிகளுக்கான இணையக் கடைகளை மூடியது. நூலகங்கள் தம்மிடமுள்ள பழைய விளையாட்டுகளை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்தும் பயன்படுத்தக் கொடுக்க அனுமதி வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 ஒக்டோபரில் அதை மறுத்தது. அச்சில் இல்லாத புத்தகத்தை நூலகத்தில் இரவல் பெறலாம். விற்பனையில் இல்லாத விளையாட்டுக்கு அந்த வழி இன்னும் திறக்கவில்லை.

தமிழர்களாகிய நமக்கு இந்த இழப்பு புதிதல்ல. முதலாவது தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் 1931இல் வெளியானபோது மக்கள் அதைத் திரண்டு சென்று பார்த்தார்கள். இன்று அதன் ஒரு பிரதிகூடக் கிடைப்பதில்லை. அக்காலத்தில் யாராவது ஒரு வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் அது முதலிடம் பெற்றிருக்கலாம். முதலிடம் பெற்றிருந்தாலும், படச்சுருளைப் பெட்டியில் வைத்துக் காக்க ஒருவரும் இல்லாதபோது அந்த வாக்கினால் என்ன பயன்?

ரசிகர்களின் தேர்தல்கள் நடக்கட்டும். அவற்றில் கட்டை வென்றாலும் குற்றமில்லை. எது நேசிக்கப்பட்டது என்பதை வருங்கால ஆய்வாளருக்குச் சொல்லும் சான்றுகள் அவை. எதைக் காப்பாற்றுவது என்ற கேள்வியை மட்டும் அந்த வாக்குப் பெட்டியிடம் விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு தொகுதி ஒதுக்கிய ஸ்மித்சோனியனும், வாக்குக் கிடைக்காத பார்பிக்கும் இருக்கை கொடுத்த ரொச்செஸ்டர் மண்டபமும் அதற்கு வழிகாட்டியிருக்கின்றன. மீதியைச் செய்ய வேண்டியவர்கள் சட்டமியற்றுபவர்கள். அவர்களைத் தெரிவு செய்வதும் ஒரு வாக்கெடுப்புத்தான்.